பத்தொன்பது படமும் இன்னொன்றும்

அற்புதம் சிஸ்டரை வைத்து ஒரு வக்கீல் கோயம்புத்தூர் கோர்ட்டையே சிரிக்க வைத்தது 1995 ஏப்ரலில். ராசாத்தாள் என்ற இருபத்தாறு வயதுக்காரி தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதந்த வழக்கு அது. சாவதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் சிஸ்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்கள் அழுந்திக் கறுத்துக் கிடந்ததை சிஸ்டர் கண்ணால் பார்த்தார். மருந்து தடவியதும் அவர்தான். கூண்டில் ஏறி அதைத்தான் சொன்னார்.

"விரல் தடமுங்களா? கேஸ் ஷீட்டுல கழுத்துச் சுளுக்குன்னுதானுங்களே இருக்குது?" என்றார் வக்கீல்.

"டாக்டர் அப்படி எழுதினாருங்க. நான் பார்த்தது விரல் தடமுங்க."

"பார்த்தீங்க, சரிங்க. அதைக் கொஞ்சம் எங்களுக்கும் காட்டுங்களேன், நாங்களும் பார்த்துக்கறோம்."

கோர்ட்டு சிரித்தது. குற்றம் சாட்டப்பட்டு நின்ற ராசாத்தாளின் புருஷனும் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தீர்ப்பில் விடுதலையாகி, அவன் அன்றைக்கு மாலை பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்தான்.

சிஸ்டருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கோயம்புத்தூர் கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ரோட்டோரமாக இருபது கட்டில் போட்ட ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பேர் எதற்கு, இப்போது அந்தக் கட்டடமே இல்லை. ஜெபம் எவ்வளவு உருக்கமோ கோபமும் அவ்வளவு. குடித்துவிட்டு வார்டுக்குள் வந்து ரகளை செய்த ஒருவன் மேல் கட்டிலடிப் பாத்திரத்தை நிறைகுடமாகவே கவிழ்த்தவர். அப்படிப்பட்டவர் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தார் என்றால், உள்ளுக்குள் என்ன கொதித்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி பஸ் ஏற உக்கடத்துக்கு வந்தவர், பஷீர் பாயின் பழைய சாமான் கடை முன்னால் நின்றுவிட்டார். ரேடியோக்களுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவே கறுப்பாக, செங்கல் பருமனில் ஒரு ஜப்பான் கேமரா. பாலக்காட்டுக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து ஏழெட்டு வருஷம் பயன்படுத்திவிட்டு விற்றுப்போட்டது.

"கல்யாணத்துக்குங்களா சிஸ்டர்?" என்றார் பஷீர்.

"கருமாதிக்கு" என்றார் சிஸ்டர்.

மறுமாதமே கையில் இருந்த ஒற்றை வளையலை விற்று அதை வாங்கினார். பஷீர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மேலே இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் மூக்கு நீண்டு தூரத்தில் இருப்பது கிட்டே வரும். மற்றதை அமுக்கினால் மூக்கு உள்ளே போய், எதிரில் இருப்பதெல்லாம் அகலமாகப் படத்துக்குள் விழும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி ஆரஞ்சு நிறத்தில் தானாக விழும். அந்தத் தேதிக்காகத்தான் சிஸ்டர் வாங்கியதே.

ரோல் போட்டு மூடியதும் கேமரா அரை நிமிஷம் கர்ரென்று கத்தியது. நம்பர் ஒன்றிலிருந்து ஏறாமல் முப்பத்தாறில் நின்றது, எடுக்க எடுக்கக் குறைந்தது.

"ரிப்பேருங்களா பாய்?"

"இல்லீங்க சிஸ்டர், இந்தச் சாதிக் கேமராவோட குணமே அப்படித்தான்."

முதல் ரோல் பூராவும் பாழ். வண்டிச் சக்கரத்தில் கால் நசுங்கியவர், அருவாள் வெட்டு என்று பத்துப் பேரைப் படமெடுத்திருந்தார். மூக்கை முழுக்க நீட்டி, காயத்தின் மேலேயே கொண்டுபோய் வைத்து எடுத்திருந்தார். வந்ததெல்லாம் தயிர் சிந்திய தரை மாதிரி வெள்ளைக் குழப்பம். பஷீர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கிட்டப் போகாதீங்க சிஸ்டர். நாலடி தள்ளி நில்லுங்க, மூக்கு மட்டும் போய்ப் பார்த்துட்டு வரட்டும்" என்றார். ஆயா பங்காரம்மாளின் கன்னத்து மச்சத்தை நாலடி தள்ளி நின்று நாலு நாள் இன்னொரு ரோல் முழுக்க எடுத்துப் பழகிய பிறகு கை படிந்தது.

செப்டம்பரில் மோகனப்பிரியா வந்தாள்.

இருபத்தொரு வயது. ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் குமாரசாமிக்கு ஒரே பெண். கிணத்துக்கடவுக்கு வெளியே நார் மில் வைத்திருந்த சுரேந்தருக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுரேந்தரே மாருதி வேனில் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, படித்த பேச்சு, கையில் ஆப்பிள் பை. குளுக்கோஸ் பாட்டிலைத் தாமே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மணிக்குப் பாத்ரூம்ல கொஞ்சம் வழுக்கிப்போட்டுதுங்க" என்றார்.

திரையை இழுத்துவிட்டு ரவிக்கையைக் கழற்றிய சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கும் நெடுக்குமாகப் பதினோரு தடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரமும் தடித்துச் சிவந்து, நடுவில் வெளுத்து, கோடு போட்ட மாதிரி ஒரே அகலம். மோட்டார்களோடு பிழைக்கிற ஊர் இது. அந்த அகலம் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மில் மோட்டாரில் மாட்டுகிற ரப்பர் பெல்ட். இரண்டு இடத்தில் தோல் கிழிந்து சதை தெரிந்தது.

"எந்தப் பாத்ரூம் கண்ணு, பெல்ட் போட்டு ஓடற பாத்ரூம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் குப்புறப் படுத்தபடி தலையணையைக் கடித்துக்கொண்டாள். சிஸ்டர் பீரோவிலிருந்து கேமராவை எடுத்துவந்தார்.

"படம் யாருக்குங்க சிஸ்டர்?"

"உனக்குத்தான் அம்மணி. உன்னோட முதுகை நீயே பார்த்ததில்லையே."

"எனக்கு வேண்டாமுங்க. ரெண்டு அடிதானுங்க. எல்லா ஊட்லயும் நடக்கறதுதானுங்களே" என்றாள்.

சிஸ்டர் ஏழு படம் எடுத்தார். டாக்டர் சத்தியசீலன் கேஸ் ஷீட்டில் 'வழுக்கி விழுந்தது' என்று எழுதினார். நல்ல மனிதர்தான், எறும்பை மிதிக்காமல் நடப்பவர். ஆனால் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் சுரேந்தரின் அப்பா வாங்கிக்கொடுத்தது. சிஸ்டர் அவர் முகத்துக்கு நேரே, "உங்க பேனாவுக்கு டீசல் அந்த ஜெனரேட்டர்ல இருந்துதான் வருதுங்களா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் அவள் திரும்பவும் வந்தாள். 'மாடிப்படி.' விலா எலும்பு இரண்டு முறிந்து, மூச்சு விட்டால் கண்ணில் நீர் வந்தது. பழைய தடங்கள் ஆறி வெளுத்த இடத்தின் மேலேயே புதுத் தடங்கள். ஆறு படம். பொங்கல் முடிந்த வாரத்தில் மூன்றாவது தடவை. அன்றைக்கு என்ன கதை என்று சிஸ்டர் கேட்கவேயில்லை. இடது காதிலிருந்து ரத்தம் ஒழுகியது, முழங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. எலும்பை இழுத்து வைத்தபோது அவள் போட்ட அலறலில் வெளியே ஓ.பி.யில் வரிசையில் நின்றவர்கள் இரண்டு பேர் மாத்திரை வாங்காமலே போய்விட்டார்கள். மறுபடி ஆறு.

ஆக மொத்தம் பத்தொன்பது படம், எல்லாமே ஒரே ரோலில், கேமராவுக்குள்ளேயே. அந்தக் காலத்தில் ரோல் முடியாமல் கழுவக் கொடுப்பது பாதிச் சாப்பாட்டில் இலையை மடிப்பது போல. யாருக்கும் மனசு வராது. இன்னும் பதினேழு பாக்கி இருக்கிறதே என்று சிஸ்டரும் வைத்திருந்தார். அதுவுமில்லாமல் உக்கடம் போக லீவு கிடைக்கவில்லை, கிணத்துக்கடவு ஸ்டுடியோக்காரரோ சுரேந்தருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. அவரிடம் கொடுப்பதற்கு நேரே சுரேந்தரிடமே கொடுத்துவிடலாம்.

கொடுக்கத் தேவையில்லாமலே விஷயம் போய்ச் சேர்ந்தது. பங்காரம்மாள் வெள்ளை மனசுக்காரி. சுரேந்தரின் டிரைவர் வெற்றிலை கொடுத்துப் பேச்சுக் கொடுத்ததும், எங்க சிஸ்டர் என்னமாப் படம் புடிக்கறாங்க தெரியுமா என்று பெருமையடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம், டிரஸ்ஸிங் அறையில் சிஸ்டர் தனியாகப் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தபோது சுரேந்தர் வந்து கதவைச் சாத்தினார்.

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பேர்போனது. வெட்ட வருகிறவன்கூட, ஏனுங்க கொஞ்சம் நில்லுங்க என்று கூப்பிட்டுத்தான் வெட்டுவான். சுரேந்தர் அந்த மரியாதையில் ஊறி வளர்ந்தவர்.

"ஏனுங்க சிஸ்டர், நல்லாருக்கீங்களா? ஒரு கேமரா வெச்சிருக்கீங்களாமாங்க. பார்த்துட்டுக் குடுத்தர்றனுங்க."

"இல்லீங்க."

அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிஸ்டரின் இடது கையைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குகிறவர் மாதிரி எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலை மட்டும் தனியே பிரித்து, மெல்லப் பின்னால் வளைத்தார்.

"நீங்க வயசுல பெரியவங்க. உங்களைக் கஷ்டப்படுத்தறது எனக்குப் பிடிக்காதுங்க. எங்க வெச்சிருக்கீங்க?"

சிஸ்டர் அவர் முகத்தில் துப்பினார். சுரேந்தர் துடைக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. விரலை இன்னும் கொஞ்சம் வளைத்தார். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் கத்தக்கூடாதென்று உதட்டைக் கடித்ததில் உதடும் கிழிந்தது. அவர் கண் தன்னையறியாமல் பீரோ பக்கம் போயிற்று. அது போதுமாக இருந்தது.

கேமராவை எடுத்து ஜன்னல் வெயிலுக்குக் கொண்டுபோய் சுரேந்தர் பின்மூடியைத் திறந்தார். காலேஜில் படிக்கும்போது கேமரா வைத்திருந்தவர். ஃபிலிமில் வெயில் பட்டால் போயிற்று என்று தெரிந்தவர். உள்ளே விரிந்து கிடந்த ஃபிலிமை நன்றாக வெயிலில் காட்டினார், பத்து வரை எண்ணினார். பிறகு மூடினார். மூடியதும் பாருங்கள், கைக்குட்டையை எடுத்து, தன் விரல் பட்ட இடத்தையெல்லாம் துடைத்து, இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார்.

"உங்க சாமான் உங்களுக்குங்க. அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்குங்க? ஞாயித்துக்கிழமை மாமன் வாராரு. பெரியவங்களும் வாராங்க. பேசி முடிச்சுப்போட்டு அம்மணியைக் கூட்டிட்டுப் போறனுங்க. வரட்டுங்களா?"

அவர் போன பிறகு சிஸ்டர் அழுதார். விரலுக்காக அல்ல. ராசாத்தாள் ஒருத்தி கிணற்றில் மிதந்தாள். இந்தப் பெண்ணும் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வராது, நேரே கிணற்றுக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தடுக்க இருந்ததே அந்தப் பத்தொன்பதுதான்.

உடைந்த விரலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு மறுநாள் உக்கடம் போனார். யாரிடமாவது கோபப்பட்டால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது, பஷீர்தான் கிடைத்தார். கேமராவை அவர் கல்லாமேல் டொம்மென்று வைத்தார்.

"எடுத்துக்கங்க பாய். ஒருத்தன் தொறந்து வெயில்ல காட்டிப்போட்டான். எல்லாம் போச்சு."

"ஃபிலிமை வெளியே உருவிட்டானுங்களா?"

"இல்லீங்க. தொறந்தான், காட்டினான், மூடிக் குடுத்துட்டான்."

பஷீர் சிஸ்டரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். சிஸ்டர் நல்ல கையை ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்க சிஸ்டர், கேளுங்க! போட்டதும் கர்ருன்னு கத்துச்சுதே, ஞாபகமிருக்குதுங்களா? மத்த கேமரா எடுக்க எடுக்க ஃபிலிமை வெளியே இழுக்கும். இது முதல்லயே முச்சூடும் வெளியே இழுத்துப்போடும். அப்பறம் ஒவ்வொரு படமும் எடுக்க எடுக்க டப்பாவுக்குள்ள சுருட்டி வெச்சுக்கும். எடுத்ததெல்லாம் டப்பாக்குள்ள பத்திரமா இருக்குதுங்க. அவன் வெயில்ல காட்டினது எடுக்காத வெறும் ஃபிலிம்."

சிஸ்டர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்தவன் பொருளைக் கெடுக்கக்கூடாது என்ற வளர்ப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், சுரேந்தர் அதைத் தரையில் அடித்து நொறுக்கி டப்பாவோடு அடுப்பில் போட்டிருப்பார். பெண்டாட்டியின் முதுகு அந்தக் கணக்கில் வரவில்லை. அது அவருடைய பொருளாயிற்றே.

பஷீர் கறுப்புப் பைக்குள் கையை விட்டு ரோலைப் பிரித்தெடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் பத்தொன்பதும் வந்தன. கடைசிப் படத்தின் ஓரம் மட்டும் வெயில் பட்டு வெளுத்திருந்தது. மற்றதெல்லாம் கண்ணாடி போல. கவரைக் கொடுக்கும்போது பஷீர் சிரிக்கவில்லை. புது ரோல் ஒன்றைத் தாமே கேமராவில் போட்டுக் கொடுத்து, "பத்திரமாப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஓ.பி. அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குமாரசாமி, சுரேந்தர், சுரேந்தரின் பெரியப்பா தம்பிதுரை, அவர்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு பெரியவர்கள். மேஜைக்குப் பின்னால் டாக்டர். தம்பிதுரைதான் பேச்சு. சின்னஞ்சிறுசுகளுக்குள் ஏதோ ஒண்ணு ரெண்டு, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொள்வோம், புள்ளையும் போய்க் குடித்தனத்தைப் பார்க்கட்டும் என்றார். குமாரசாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

சிஸ்டர் வயர் கூடையோடு உள்ளே வந்தார். கேட்காமலே மேஜைமேல் படங்களை வரிசையாகப் பரப்பினார்.

சுரேந்தரின் முகம் வெளுத்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போடவேயில்லை. குமாரசாமி மட்டும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதோடு நிமிர்ந்தார். மகளைப் பெற்றவர் இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று சிஸ்டர் நினைத்தார். சொன்னார்.

"ஏம்மா, கல்யாணம் கட்டிக்குடுத்த புள்ளையோட வெத்து முதுகைப் படமெடுத்து ஆம்பளைங்க நடுவுல பரப்பறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? இதை எவன் கழுவினான்? எத்தனை பேரு பார்த்தான்?"

மேஜையிலிருந்த படங்களை ஒரே வீச்சில் தரையில் தள்ளினார். போய்த் திரும்ப உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தடம் தெரியவில்லை, தோல்தான் தெரிந்தது. சிஸ்டருக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கழுத்தைப் பிடித்திருப்பார். அதற்குள் கதவோரம் நின்ற மோகனப்பிரியா உள்ளே வந்துவிட்டாள்.

மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரு படத்தைப் பொறுக்கினாள். பார்த்தாள். அடுத்ததையும் பொறுக்கினாள். தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இது நானுங்களா சிஸ்டர்?"

"நீதான் கண்ணு."

"ரெண்டு அடின்னு நெனச்சனுங்க" என்றாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, நடுக்கமில்லாத குரலில் சொன்னாள்: "நான் அங்க போகமாட்டனுங்கப்பா. செத்தாலும் இங்கயே சாகறேன்."

சுரேந்தரின் மரியாதை அங்கே அறுந்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் சடையை மணிக்கட்டில் சுற்றி இழுத்து, நெற்றியை மேஜை விளிம்பில் அடித்தார். முதல் அடியில் அவள் 'அப்பா' என்றாள். இரண்டாவதில் எதுவும் சொல்லவில்லை. ரத்தம் டாக்டரின் கேஸ் ஷீட் கட்டின்மேல் தெறித்தது. தம்பிதுரை, "டேய், டேய், விடுறா" என்றார், நாற்காலியில் இருந்தபடியே. கூட வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குமாரசாமியின் இரண்டு கையும் முழங்காலின் மேல் இருந்தன.

சிஸ்டர் பாய்ந்து தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி அவருக்குச் சாகும்வரை இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவருக்குக் கோர்ட்டுச் சிரிப்புத்தான் காதில் கேட்டது. கூடையிலிருந்து கேமராவை எடுத்தார். இத்தனை மாதமும் நீட்டி நீட்டியே பழகிய மூக்கை, மற்ற பொத்தானை அமுக்கி முழுக்க உள்ளே இழுத்தார். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். அறை முழுக்க உள்ளே வந்தது. மூன்றாவது அடி விழும்போது அமுக்கினார். ஃபிளாஷ் வெட்டியது.

எல்லாத் தலையும் திரும்பியது. சுரேந்தர் பெண்ணை விட்டுவிட்டு சிஸ்டரிடம் வந்தார். இந்தத் தடவை ஏனுங்க இல்லை. சிஸ்டர் கேமராவின் வாரை நல்ல கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றில் வாளி வீசுகிற மாதிரி வீசினார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு எடை உண்டு. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு இறங்கியது. மூக்கு ஒருபக்கம் தெறித்து ஓட, சுரேந்தர் முகத்தைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தார். சிஸ்டர் இன்னொன்றும் வைத்தார். அது தேவையில்லை என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். தேவைதான் என்றார் சிஸ்டர்.

உடைந்த கேமராவை இரண்டு சேலைத் துண்டில் சுற்றி பங்காரம்மாளே அன்றைக்குச் சாயங்காலம் உக்கடம் கொண்டுபோனாள். தன் வாயால் கெட்டதைத் தன் காலால் சரிசெய்தாள் என்று வையுங்கள்.

மோகனப்பிரியாவுக்கு நெற்றியில் பதினான்கு தையல். மூன்று நாள் கண் திறந்து திறந்து மூடினாள். நாலாம் நாள் பேசினாள். அதற்குள் தம்பிதுரை வேறு கதை கட்டி முடித்திருந்தார். வார்த்தை முற்றிய நேரத்தில் புள்ளை மயக்கம் போட்டு மேஜையில் இடித்துக்கொண்டாள், பதறிப்போய்த் தாங்கப் போன சுரேந்தரை நர்ஸம்மா இரும்பால் அடித்துவிட்டாள். அங்கிருந்த பெரியவர்கள் எல்லோரும் சாட்சி. போலீசில் சிஸ்டர் மேல் புகார்கூடக் கொடுத்தாகிவிட்டது. குமாரசாமியும் அப்படித்தான் சொல்வார், தையல் பிரித்ததும் பெண்ணைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவார் என்று பேச்சு.

சனிக்கிழமை குமாரசாமி மகளைப் பார்க்க வந்தார். சிஸ்டர் வார்டு வாசலில் அவரை நிறுத்தி, பஷீர் கழுவிக் கொடுத்த ஒரே ஒரு படத்தைக் கையில் கொடுத்தார். அவர் பழைய கோபத்தில் வாங்கமாட்டேன் என்றார்.

"இதுல முதுகு இல்லீங்க. பாருங்க" என்றார் சிஸ்டர்.

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வார்டுக்குள் யாரோ இருமினார்கள், ரோட்டில் பொள்ளாச்சி பஸ் ஒன்று போயிற்று. அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதுல நான் உக்காந்திருக்கறனுங்களே சிஸ்டர்."

"ஆமாங்க."

"எந்திரிச்ச மாதிரித்தானுங்க எனக்கு ஞாபகம். ஓடிப் போய் அவன் கையைப் புடிச்சன்னுதான் ஊட்லயும் சொன்னன். அவ அம்மாகிட்ட அப்படித்தானுங்க சொன்னன்." அவர் கட்டைவிரல் படத்தில் இருந்த தன் முகத்தைத் தேய்த்துப் பார்த்தது. "அவ அப்பான்னு கூப்பிட்டாளுங்க. எனக்குக் கேட்டுது."

ஆறுதல் சொல்கிற பழக்கம் சிஸ்டருக்கு இல்லை.

"இதுல இருந்து என்னை மட்டும் எடுத்துப்போட முடியுங்களா? ஸ்டுடியோவுல அப்படியெல்லாம் செய்யறாங்களாமே."

"முடியாதுங்க."

குமாரசாமி உள்ளே போனார். மகளின் கட்டில் ஓரமாக நின்றார். ஒரு பக்கம் வீங்கிய முகத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து மோகனப்பிரியா அவரைப் பார்த்தாள். கையில் இருந்த படத்தையும் பார்த்தாள். வளர்த்த வளர்ப்பு அப்படி. வந்தவரை நிற்க வைக்கக்கூடாது. ஸ்டூலைக் கண்ணால் காட்டினாள்.

"உக்காருங்கப்பா."

அவர் உட்காரவில்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், பங்காரம்மாள் ஸ்டூலைத் துடைத்துக் காலருகே கொண்டுவந்து வைத்தாள், அப்போதும் உட்காரவில்லை. குமாரசாமி சொல்லியனுப்பி, கோயம்புத்தூர் மகளிர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. அம்மா வந்து சேரச் சாயங்காலம் ஐந்து மணி ஆயிற்று. நடந்ததைக் குமாரசாமி சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதிக்கொண்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி, அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.